பொம்மையின் கன்னத்தில் ஒரு தழும்பு

நண்பர்களே, காமர்ஸ் மாணவனுக்குப் பொம்மையோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது வியாபாரக் கதைதான் :-)

1964-ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற போர்வீரன் பொம்மையை விற்பனைக்கு விட்டது. ஏறக்குறைய ஓர் அடி உயரம். மனித உடம்புக்கு யார் உரிமை கொண்டாட முடியும்? அதனால் வலது கன்னத்தில் ஒரு தழும்பு வைத்தார்கள். அதோடு நகல் வந்தால் திருட்டு என்று காட்டிவிடலாம். வலது கட்டைவிரல் நகம் வேறு உள்பக்கம் இருக்கும்! (தவறாக வந்ததாம், அப்படியே விட்டுவிட்டார்கள்.)

பின்னால் வந்த ஆர்வலர்கள் இந்த அளவுப் பொம்மைகளின் தலையையே கழற்றினார்கள். எபாக்ஸி பசையில் சுமார் 4 செ.மீ. உயரத்துக்கு வேறு முகம் செதுக்கி, ரெசினில் வார்த்து, அக்ரிலிக் வண்ணம் தீட்டி மாட்டினார்கள். தழும்பு தலையோடு போயிற்று, யாருக்கும் உரிமையில்லாத உடம்புதான் மிச்சம்.

சரி, மாட்டிய முகம் ஒரு சினிமா நடிகருடையது என்றால் அது யாருக்குச் சொந்தம்? செதுக்கியவருக்கா, நடிகருக்கா? வணிகச் சட்டம் படிப்பவர்கள் சொல்லுங்களேன்...