வில்வண்டி முதல் தாழ்த்திய கார் வரை

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் செல்லும் வழியில், வீராணம் ஏரியை ஒட்டிய லால்பேட்டைக் கடைத்தெருவில் சற்று நின்று, போகும் கார்களைக் கவனியுங்கள். நடுநடுவே ஒரு கார் தரையோடு படிந்தாற்போல வரும். கம்பெனி பொருத்திய சுருள்வில்களைக் கழற்றிவிட்டுக் குட்டையான சுருள்வில்களைப் போட்டிருப்பார்கள். வெளிநாட்டில் பல ஆண்டுகள் உழைத்த பணத்தில் வாங்கிய வண்டியாகவும் அது இருக்கலாம். அருகே சென்று, சக்கரத்துக்கும் அதன்மேல் வளைந்துள்ள தகட்டுக்கும் இடையே விரல்களை நுழைத்துப் பாருங்கள். இடப்பக்கம் மூன்று விரல் நுழையும். வலப்பக்கமோ இரண்டே விரல்தான்! நான்கு வில்களும் புதியவை; ஒரே பெட்டியில் வந்தவை. பின் ஏன் இந்தக் கோணல்?

இக்கேள்வி காருக்கு மட்டும் உரியதன்று. சக்கரத்துக்கும் உட்காரும் பலகைக்கும் இடையே மனிதன் என்று வில்லைப் புகுத்தினானோ அன்றே அது பிறந்துவிட்டது.

நம் ஊர்களில் வில்வண்டி என்ற பெயரே இதைச் சொல்லும். சுமை ஏற்றும் கட்டைவண்டிக்கு வில் கிடையாது. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் முதுகெலும்பு வரை அதிரும். வசதி படைத்தவர்கள் அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை அடுக்கிய வில்லைப் பொருத்தி, அதில் சொகுசாகச் சென்றனர். அந்தச் சொகுசு எல்லோருக்கும் வாய்க்கவில்லை. 1893இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டி ஒன்றை வாங்கி, ஒடுக்கப்பட்டோர் நடக்கக்கூடத் தடை இருந்த பொதுச் சாலையில் அதை ஓட்டிச் சென்றார். இரண்டு எஃகு வில்கள் ஒரு சமுதாயத்தின் உரிமைப் போரில் இடம்பெற்ற நிகழ்ச்சி அது. இயற்பியல் பாடநூல்கள் இதைச் சொல்வதில்லை. சொன்னால் நன்றாக இருக்கும்.

மேல்நாட்டில் 1665ஆம் ஆண்டிலேயே லண்டன் ராயல் சொசைட்டியைச் சேர்ந்தவர்கள் வில் பொருத்திய வண்டிகளை ஓட்டிச் சோதித்தனர். அச்சங்கத்தில் சோதனைகள் செய்துகாட்டும் பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் ஹூக். வில் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு விசை என்ற தம் விதியை 1676இல் பிறர் படிக்க முடியாதபடி எழுத்துகளைக் கலைத்துப் போட்டு வெளியிட்டார். விடையை அவர் அவிழ்த்தது 1678இல்தான். கண்டுபிடிப்பைப் பிறர் தட்டிப் பறித்துவிடுவார்களோ என்ற அச்சம்! 1804இல் ஒபதையா எலியட் என்ற ஆங்கிலேயர் நீள்வட்ட வடிவப் பட்டைவில்லுக்குக் காப்புரிமை பெற்றார். குதிரை வண்டிகள் அதன்பின் இலேசாயின.

ஹூக் விதியை வைத்து ஒரு சிறு கணக்குப் போடுங்கள். காரின் ஒரு சக்கரத்தின்மேல் ஏறக்குறைய 200 கிலோ, அதாவது சுமார் 2,000 நியூட்டன் எடை இருப்பதாகக் கொள்வோம். அங்குள்ள வில்லை 1 மி.மீ. அமுக்க 20 நியூட்டன் வேண்டுமானால், வில் 100 மி.மீ. அமுங்கி நிற்கும். பக்கத்து வில் 5 சதவீதம் விறைப்பானது என்றால் அது 95 மி.மீ. அளவே அமுங்கும். ஆக, கழற்றி மேசைமீது நிறுத்தினால் ஒரே உயரமாகத் தெரியும் இரண்டு வில்கள், சுமை ஏறியதும் 5 மி.மீ. வேறுபடுகின்றன. சுமையில்லாத வில்லின் நீளத்தை நாடா பிடித்து அளப்பதால் பயன் சிறிதே.

இதைத் தொழிற்சாலை முறையாகவே ஆக்கியவர்களைக் காணச் சென்னைக்குப் போகவேண்டும். பெரம்பூரில் உள்ள இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2ஆம் நாள் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவன வடிவத்தில் அங்கே உருவான ரயில் பெட்டி சுருள்வில்களின்மேல் நிற்பது. பல டன் எடையுள்ள அப்பெட்டி கோணலாக நின்றால் அழகு மட்டும் கெடாது. அடுத்தடுத்த பெட்டிகள் முட்டிக்கொள்ளும் தாங்கிகள் ஒரே மட்டத்தில் இருந்தாக வேண்டும். அகலப் பாதையில் தண்டவாளத்திலிருந்து அவற்றின் உயரம் 1,105 மி.மீ.க்கு மேல் போகலாகாது; சுமை ஏறியபின் 1,030 மி.மீ.க்குக் கீழ் இறங்கலாகாது.

இதற்கு அவர்கள் கைக்கொண்ட வழி எளிது. எல்லா வில்களையும் அச்சுக்கோத்தாற்போல் ஒன்றாகச் செய்துவிடலாம் என்று அவர்கள் நம்பவில்லை. எஃகின் தன்மை, கம்பியின் விட்டம், உலையில் ஏற்றிய பதம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று சற்றே மாறத்தான் செய்யும். (வில்லின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டத்தில் 1 சதவீத மாற்றம் விறைப்பில் 4 சதவீதமாகப் பெருகும்.) எனவே ஒவ்வொரு வில்லையும் குறித்த சுமையின்கீழ் அமுக்கி, அப்போது நிற்கும் உயரத்தை அளந்து, ஏ, பி, சி எனப் பிரித்து, பிரிவுக்கொரு நிறத்தில் அடையாளம் இட்டனர். ஒரே போகியில் ஒரே பிரிவு வில்களே சேரவேண்டும் என்பது விதி. சமமாகச் செய்ய முடியாததைச் சமமாக இணைசேர்க்க முடியும் அல்லவா?

அத்துடன் முடியவில்லை. சக்கரம் தேயத் தேயக் கடைந்து சீராக்குவார்கள். புதிதில் 915 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் 819 மி.மீ. ஆகும்வரை ஓடலாம். ஆரத்தில் 48 மி.மீ. குறைகிறது; பெட்டியும் அவ்வளவு தாழும். அதை ஈடுகட்ட 13, 26, 38, 48 மி.மீ. கனமுள்ள வளையங்களை வில்லின் அடித்தாங்கிக்குக் கீழே செருகினர். கடைசி வளையத்தின் கனமும் ஆரத் தேய்மானமும் ஒன்றாக இருப்பதைக் கவனித்தீர்களா? அவ்வடிவப் பெட்டிகளைச் செய்வது 2018 ஜனவரியில் பெரம்பூரில் நின்றது. காற்று நிரம்பிய வில்கள் உள்ள புதிய வண்டிகளில் ஒரு வால்வே மட்டத்தைப் பார்த்துக் காற்றைக் கூட்டிக் குறைக்கிறது.

காருக்கு வருவோம். 1957இல் உத்தர்பாராவில் பிறந்து 2014 வரை செய்யப்பட்ட அம்பாசிடரின் முன்பக்கத்துக்கு ஆங்கிலேய மோரிஸ் காரிலிருந்து வந்தது முறுக்குத் தண்டு. சுருளாத வில் அது: நீண்ட எஃகுத் தண்டு, சக்கரம் எழும்போது முறுகும். இவ்வகையில் ஒரு வசதி உண்டு. தண்டின் நுனிப் பற்களை ஓரிரு பல் நகர்த்திப் பூட்டினால் அந்த மூலை உயரும் அல்லது தாழும். பிரீமியர் பத்மினியின் முன்பக்கத்திலோ சுருள்வில். அதில் திருகிச் சரிசெய்ய ஏதுமில்லை. இன்றைய பெரும்பாலான கார்களும் அந்தப் பத்மினி வழியில்தான் வந்துள்ளன.

தாழ்வான பந்தயக் கார்களை நம் மக்கள் திரண்டு கண்டது சோழவரத்தில், போர்க்கால விமான ஓடுதளத்தில். 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் வந்தது. காரின் ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் வளைவில் சுமை ஒரு பக்கம் சாய்வது குறையும் என்பது மெய்தான். ஆனால் பந்தயக் கார் ஒவ்வொரு மூலையிலும் திருகி உயர்த்தும் மரையோடு நிற்கிறது. அதை நான்கு எடைமேடைகளின்மேல் நிறுத்திச் சரிபார்க்கிறார்கள். கடையில் விற்கும் தாழ்வில் பந்தயக் காரின் தோற்றத்தை மட்டும் தருகிறது, மரையைத் தருவதில்லை.

இனி அந்த ஒரு விரல் வேறுபாட்டுக்கு வருவோம். ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால் மட்டுமே நம் கார்கள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் சாயக்கூடும். இதற்காகவே சில கார்களில் இட, வல வில்கள் வெவ்வேறாகச் செய்யப்படுகின்றன. மாற்றிப் பூட்டினால் கோணல் இரட்டிக்கும். சுருளின் கடைசி நுனி தாங்கியிலுள்ள படியில் பொருந்தாமல் ஏறி நின்றாலும் அந்த மூலை உயரும்.

பெரும்பாலோர் அறியாத குற்றவாளி ரப்பர் புஷ். சக்கரத்தைத் தாங்கும் கரங்களின் மூட்டில் இரும்போடு ஒட்டப்பட்ட ரப்பர் இருக்கிறது. கார் ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், இறக்கியதும் அந்த ரப்பர் முறுகி, தானும் ஒரு வில்லாகிக் காரை மேலே தள்ளும். ஒரு பக்கம் தொங்கும்போதும் மறுபக்கம் தரையிலும் இறுக்கினால் கேட்கவே வேண்டாம்! அந்த ரப்பர் விரைவில் கிழியவும் செய்யும்.

இன்னொன்று, தாழ்ந்த மூலையில்தான் குறை என்று எண்ணாதீர்கள். நாற்காலியின் ஒரு காலுக்கடியில் அட்டையை வைத்தால் குறுக்கெதிர்க் காலும் சேர்ந்து சுமை ஏற்கும். நான்கு கால் மேசையின் கால்கள் எவ்வளவு சுமை தாங்கும் என்ற கேள்வியைக் கணித மேதை ஆய்லர் 1774இல் வெளியான கட்டுரையில் ஆராய்ந்தார். மூன்று கால் என்றால் நிலையியல் விதிகளே விடை சொல்லிவிடும். நான்காவது கால் வந்ததும் கால்களும் தரையும் எவ்வளவு அமுங்குகின்றன என்று அறியாமல் விடை இல்லை. முன் இடது மூலை தாழ்ந்திருந்தால் பின் வலது மூலை நிமிர்ந்திருப்பதும் காரணமாகலாம். சுமை குறைந்த சக்கரமோ ஈரச் சாலையில் பிரேக் போடும்போது பிடிப்பை முதலில் இழக்கும். மிகக் குட்டையான வில், சக்கரம் பெரும் பள்ளத்தில் தொங்கும்போது தாங்கியைவிட்டே நழுவலாம். அழகுக்காகச் செய்த வேலை உயிருக்கு உலை வைப்பது அங்கேதான். தயாரிப்பாளர் வகுத்ததற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றலாகாது என்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி, 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக் காரைச் சோதிக்க விரும்பினால் முதலில் தரையைச் சோதியுங்கள். கொத்தனார் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் தெளிந்த பிளாஸ்டிக் குழாய் போதும். நான்கு சக்கரங்களும் நிற்கும் இடங்கள் ஒரே மட்டமா என்று காட்டிவிடும். டயர்களில் காற்றைச் சமமாக்கி, வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி வந்து நிறுத்துங்கள். டயர் அளவுக்குள் வராதபடி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேல்தகடு வரை அளவெடுங்கள். புதிய வில் முதல் சில நூறு கிலோமீட்டரில் சில மி.மீ. படியும், ஆகவே அதன்பின் மீண்டும் அளந்து, இரு அளவுகளையும் தேதியிட்டுக் குறித்து வையுங்கள். பட்டறைக்குச் செல்லும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.