பால்வாடிக்கு இன்னொரு ஆள் வேண்டும்

இராசிபுரத்தை ஒட்டிய கிராமத்தில் நான் பால்வாடி டீச்சராகச் சேர்ந்தது எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கிய புதிதில். 1982 ஜூலை 1 முதல், இரண்டு வயதுப் பிள்ளைகளில் தொடங்கி மதியச் சோறு. அதற்கு முன் அந்த வயதுக்கென்று எங்கள் ஊரில் ஒன்றும் கிடையாது. அம்மா தறியில் உட்கார்ந்தால் குழந்தை பக்கத்துத் தூளியில். குச்சிக்கிழங்கு பிடுங்கப் போனால் வரப்பில். மத்திய அரசு 1975 அக்டோபர் 2-ல் கொண்டுவந்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், நாடு முழுக்கவே 33 வட்டாரங்களில்தான் ஆரம்பித்தது; எங்களை அது எட்டவில்லை.

ஆக, எங்களூருக்குப் பால்வாடி வந்தது சோற்றுக்காக. அதில் எனக்குக் குறையே இல்லை. 1989-ல் கலைஞர் ஆட்சியில் 15 நாளுக்கு ஒரு முட்டை வந்தது. நாமக்கல் பண்ணை முட்டை லாரி லாரியாக வெளியூர் போகும்; கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு எட்டாது. ஆயா உரித்துத் தட்டில் வைத்த முட்டையில் பாதியைக் கடித்துவிட்டு, மீதியைப் பாவாடையில் முடிந்துகொண்டாள் ஒரு சின்னப் பெண், தம்பிக்காம். "நீ தின்னு சாமி, தம்பிக்கு டீச்சர் தர்றேன்" என்று சொல்லி வாயில் ஊட்டினேன்.

படிப்புக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை. எடை போட வேண்டும், வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்க வேண்டும், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு தர வேண்டும், தடுப்பூசிக் கணக்கு, பதிவேடு மேல் பதிவேடு. ஒரு பிள்ளையின் விரலைப் பிடித்து மணலில் 'அ' எழுத உட்கார்ந்தால் வாசலில் யாராவது கூப்பிடுவார்கள். 1997-ல் எங்கள் நாமக்கல் தனி மாவட்டமானது. பிளஸ் டூ மார்க்குக்குப் பேர்போன தனியார் பள்ளிகளும் பெருகின. எல்.கே.ஜி. வேன் எங்கள் தெருவுக்கும் வந்தது. விசைத்தறிக் கூலியில் பெரும்பகுதி ஃபீஸுக்குப் போயிற்று. "பால்வாடில சோறு போடுவாங்க, படிப்பு அந்த ஸ்கூல்லதான் டீச்சர்" என்று என்னிடமே சொன்னார்கள். அந்தத் தாய்மாரைக் குறை சொல்ல என்னால் முடியாது.

2019 ஜனவரியில், அரசு நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில், அதாவது பால்வாடிகளில், எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கின. 2022-ல் அவற்றின் ஆசிரியர்களைத் தொடக்கப் பள்ளிக்கே திருப்பி அழைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிகமாக ஆள் போட்டார்கள். பிஞ்சுகளுக்குச் சொல்லித் தருவது அத்தனை இளக்காரமான வேலையா?

கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியல் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் சிலவற்றுக்குக் கூடுதலாக ஒரு பகுதிநேரப் பணியாளரைக் கொடுத்துப் பார்த்தார்கள். பாடம் நடக்கும் நேரம் இரட்டிப்பானது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். கடும் ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தது. டீச்சருக்குக் கை ஒழிந்ததல்லவா! முப்பது பிள்ளைகளுக்கு ஒரே டீச்சராக இருந்தவளுக்கு இது ஆச்சரியமே இல்லை.

தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. பாடம் சொல்லித்தர மட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒருவரை, முறையான சம்பளத்தில் அரசு நியமிக்க வேண்டும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.