முதுமையும் இசைமேடையும்

ஆடி மாதத்திலே கொழும்பு மாநகரிற் காணக் கிடைக்கும் காட்சிகளுள் வேல் விழா தலைசிறந்ததாகும். செட்டியார் தெருவிலுள்ள கதிரேசன் கோயில்களிலிருந்து புறப்படும் இரதம் நகரின் பெருந்தெருக்களிலே மெல்ல மெல்ல ஊர்ந்து பம்பலப்பிட்டியைச் சென்றடையும். கொட்டாஞ்சேனையிலிருந்து வருவோரும் வெள்ளவத்தையிலிருந்து வருவோரும் வீதியின் இருமருங்கும் கூடி நின்று வணங்குவர்.

நாதஸ்வரமும் தவிலும் முழங்காத திருவிழாவைத் தமிழர் திருவிழாவாகவே கொள்வதில்லை. மேளக் குழுவொன்றிலே வயதில் மூத்த வித்துவானும், அவருடைய மகனோ மருகனோ மாணாக்கனோ ஆகிய இளையவரும் அருகருகே நின்று வாசிப்பது நெடுங்கால வழக்கம். மூத்தவர் இராகத்தின் வாயிலைத் திறந்து வைப்பார். நெடுநேரம் மூச்சடக்கி ஊதவேண்டிய இடங்களை இளையவர் ஏற்றுக்கொள்வார். மூத்தவர் என்றைக்கு ஓய்வு பெறுகிறார் என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. பாரம் சிறிது சிறிதாகத் தோள் மாறுகின்றது. கேட்பவர் அதனை உணர்வதுமில்லை.

மண்டபங்களிலும் விளையாட்டரங்குகளிலும் நுழைவுச்சீட்டு விற்று நடத்தப்பெறும் இக்கால இசைவிழாக்களின் நிலை வேறு. அங்கே ஒருவருடைய பெயர் விளம்பரத்தில் முன்னிற்கின்றது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இசைத்தட்டிலே கேட்ட குரலையே கேட்க மக்கள் வருகின்றனர். மேடையில் நிற்பவரோ எழுபதும் எண்பதும் கண்டவர். உச்சத்தை எட்டாமல் குரல் நடுங்கும்பொழுது, சிலர் கண் கலங்குவர். சிலர் முகம் சுளிப்பர். இசையுலகின் பேராசான்கள் முதுமையிலும் விழா மேடைகளில் ஏறவேண்டுமா என்ற வாதம் இவ்விடத்திலேதான் பிறக்கின்றது.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பர் ஒரு சாரார். பேராசான் மேடையில் வந்து அமர்ந்தாலே போதும், அதுவே பெறும் பேறு என்பது அவர்தம் கொள்கை. மற்றொரு சாரார், பொற்காலத்தின் நினைவைத் தம் கையாலேயே கலைத்துக்கொள்வது கலைஞருக்கு அழகன்று என்பர். இவ்விரு கூற்றிலும் உண்மை உண்டு. எனினும், கொழும்பு மேடையோடு தொடர்புடைய ஒரு வரலாறு இவ்வாதத்துக்கு வேறொரு வழியைக் காட்டுகின்றது.

சென்ற நூற்றாண்டின் இருபதுகளிலே, தமிழகத்து நாடகக் குழுக்கள் கடல் கடந்து இலங்கைக்கு வந்து மாதக்கணக்கில் தங்கி ஆடிச் செல்வது வழக்கமாக இருந்தது. கொட்டாஞ்சேனையை அடுத்த ஜிந்துப்பிட்டிப் பகுதி அந்நாளிலே தமிழ் நாடகத்துக்குப் பேர்போன இடமாக விளங்கிற்று. கொடுமுடியிற் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் என்னும் இளம்பெண் இலங்கை மேடைகளிற் பாடிப் புகழ் பெற்றதும் அக்காலத்திலேயே. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவின் புகழும் அப்பொழுது உச்சத்தில் இருந்தது. 1926ஆம் ஆண்டளவில் இருவரும் கொழும்பிலே ஒரே மேடையிற் சேர்ந்து நடித்தனர். பாட்டுக்குப் பாட்டு எதிர்நின்ற அந்தக் கூட்டு, வாழ்க்கைத் துணையாகவும் மலர்ந்தது.

ஒலிபெருக்கி பரவாத காலம் அது. மண்டபத்தின் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் சொல் தெளிவாகச் சென்று சேரவேண்டுமாயின், நடிகர் உச்ச சுருதியிலே பாடவேண்டும். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் அத்தகைய சாரீரம் வாய்க்கப் பெற்றவர்கள். கிட்டப்பாவின் ஆயுளோ குறுகியது. 1933 டிசம்பரிலே, இருபத்தேழு வயதில் அவர் மறைந்தார். அவருடைய பாட்டுகள் சில இசைத்தட்டுகளிலே தங்கின. அத்தட்டுகளில் ஒலிக்கும் குரலுக்கு என்றும் வயது இருபத்தேழுக்கு உட்பட்டதே. அது மூப்படையவில்லை, இனி மூப்படையப் போவதுமில்லை.

சுந்தராம்பாளின் குரலுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. இருபத்தைந்து வயதிலே துணையை இழந்து, வெண்ணிற ஆடை உடுத்துத் துறவுக்கோலம் பூண்ட அவர், பின்னும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் மக்கள் கண்முன்னே பாடினார். குரல் மக்கள் காதறியவே முதிர்ந்தது. அந்த முதிர்ச்சியை அவர் மறைக்க முயன்றாரில்லை. 1935இல் ‘நந்தனார்’ படத்திலே நந்தனாராகவே நடித்தார். 1953இல் வெளிவந்த ‘ஔவையார்’ படத்தின்பொழுது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. ஐம்பத்தேழாம் வயதிலே, 1965ஆம் ஆண்டின் ‘திருவிளையாடல்’ படத்தில் மீண்டும் ஔவையாக வந்தார். 1967இல் ‘கந்தன் கருணை’யிலும் அதே கோலம். 1969ஆம் ஆண்டின் ‘துணைவன்’ படத்தில் பாடிய பாட்டுக்காக, சிறந்த பின்னணிப் பாடகிக்குரிய இந்திய தேசிய விருது அவரைத் தேடி வந்தது. அறுபதைக் கடந்த ஒருவர் இளமைப் பருவத்துப் போட்டியாளர் பலரையும் விஞ்சிப் பெற்ற விருது அது. 1973இல் ‘காரைக்கால் அம்மையார்’ படத்திலே, முதிய அம்மையாராகத் தோன்றினார்.

இவ்வரிசையிலே உற்று நோக்கத்தக்க ஒன்று உண்டு. இளமையை வேண்டாமென்று ஒதுக்கி, விநாயகப் பெருமானை வேண்டி முதுமையை வாங்கிக்கொண்டவர் ஔவையார் என்பது கதை. அழகிய உடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றவர் காரைக்கால் அம்மையார் என்பதும் வரலாறு. முதுமையை இழப்பாகக் கருதாது, வரமாகக் கேட்டுப் பெற்ற இரு பெருமாட்டிகளின் வேடங்கள் சுந்தராம்பாளுக்கு வாய்த்தன. வள்ளி திருமணத்திலே வள்ளியாகப் பாடிய குரல், தன் காலம் வந்தபொழுது ஔவைக்குரிய குரலாகத் தன்னை மாற்றிக்கொண்டது. அறுபதாம் வயதில் அவரை வள்ளியாக நிற்கச் செய்திருந்தால், அது அவருக்கும் துன்பம், கேட்டவர்க்கும் துன்பம். முதுமைக்குரிய பாட்டை முதுமையிற் பாடியமையால் அது வெற்றியாயிற்று.

உடலின் இயல்பும் இதற்குச் சான்று பகர்கின்றது. வயது ஏற ஏற, குரல்வளையிலுள்ள குருத்தெலும்புகள் இறுகுகின்றன. குரல் நாண்களின் தசை மெலிகின்றது. நுரையீரல் ஒரே மூச்சில் வெளிவிடும் காற்றின் அளவு குறைகின்றது. பொதுவாக, முதுமையில் ஆண்களின் பேச்சுக்குரல் சற்று உயர்ந்தும் மெலிந்தும் போகின்றது. பெண்களின் குரல் தணிகின்றது. ஆகவே, இளமையிற் பாடிய சுருதியையே பிடிவாதமாகப் பற்றி நிற்பது உடலோடு செய்யும் வீண்போராகும். ஆயின், இராகத்தின் உள்வடிவத்தை அறியும் அறிவும், ஒரு சொல்லை எவ்விடத்தில் நிறுத்தினால் பொருள் மலரும் என்ற தேர்ச்சியும் தசையைப் பொறுத்தவை அல்ல. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை வளர்கின்றன. சாரீரம் இறங்குமுகமாகவும் ஞானம் ஏறுமுகமாகவும் செல்லும் இந்த இரட்டைப் பயணத்தை உணர்ந்தவரே முதுமையில் மேடையை ஆளமுடியும்.

கருநாடக இசையுலகம் இதற்கு நல்ல வழியொன்றை வகுத்து வைத்திருந்தது. சீடர் பின்னமர்ந்து பாடும் பின்பாட்டு முறையே அது. 1908இற் பிறந்த செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறு வயதைக் கடந்தும் கச்சேரி செய்தவர். இளமையிலேயே அவருடைய சாரீரம் கரடுமுரடானது என்று சொல்லப்பட்டது. உழைப்பாலும் ஞானத்தாலும் அதனைப் பண்படுத்திக்கொண்ட அவருக்கு, முதுமையிலே குரல் தளர்ந்தபொழுது இழந்ததாகக் கருதவேண்டியது அதிகமில்லை. சீடர்கள் உடனிருந்து குரல் கொடுக்க, இராகத்தின் திசையை அவர் காட்டிச் சென்றார். மேளக் குழுவிலே மூத்தவரும் இளையவரும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் அதே முறை இங்கும் நின்றது.

செம்பை வைத்தியநாத பாகவதரின் வரலாறு இன்னும் உருக்கமானது. வெண்கலக் குரலுக்குப் பேர்பெற்ற அவர், 1950களின் தொடக்கத்திலே குரலை முற்றாக இழந்து வாடினார். சிகிச்சையின் பயனாகக் குரல் மீண்டும் வந்தது. குருவாயூர்க் கோயிலின் ஏகாதசி விழாவிலே ஆண்டுதோறும் பாடிவந்த அவர், மீண்ட குரலை இறைவன் பணிக்கே உரியதாகக் கருதினார். 1974 ஒக்டோபர் 16ஆம் நாள், ஒற்றப்பாலத்துக்கு அண்மையிலுள்ள கண்ணன் கோயிலொன்றிலே பாடி முடித்த அன்றே அவர் உயிர் நீத்தார். அவருக்குப் பின் குருவாயூர் இசைவிழா அவர் பெயராலேயே நடைபெறலாயிற்று. இத்தகையவரை நோக்கி, வயதாயிற்று, மேடையை விட்டு இறங்குக என்று கூற எவருக்கு உரிமை உண்டு?

மேடையை விட்டு இறங்குவதும் ஒரு கலையே. எம். எஸ். சுப்புலட்சுமி 1997 நவம்பரிலே கணவர் சதாசிவம் மறைந்ததும் பொதுக் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டார். அப்பொழுது அவருக்கு வயது எண்பத்தொன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பரில் மறையும்வரை அந்த மௌனத்தைக் காத்தார். திரையிசையில் எஸ். ஜானகி, 2016இல் திரைப்பாடலிலிருந்து விடைபெறுவதாக அறிவித்து, மறு ஆண்டு மைசூரிலே விடைபெறும் கச்சேரி ஒன்றையும் நடத்தினார். பாடிக்கொண்டே மறைந்த செம்பையும், பாட்டை நிறுத்திக்கொண்ட சுப்புலட்சுமியும் ஒருவருக்கொருவர் மாறுபட்டவர் அல்லர். இருவரும் தம் முடிவைத் தாமே செய்தனர். அம்முடிவைப் பிறர் செய்யும்பொழுதே கலைஞருக்கு இழிவு நேர்கின்றது.

பிறர் செய்யும் முடிவு இருவகைப்படும். ஒன்று, இனிப் பாடவேண்டாம் என்று ஒதுக்குவது. மற்றொன்று, உடல் ஒத்துழையாத நிலையிலும் பெயருக்காகப் பாடவைப்பது. இரண்டாவது கொடுமைக்கு வறுமையே பெருங்காரணம். மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ இல்லாத தொழில் இசைத்தொழில். மேடை நின்றால் வருவாயும் நின்றுவிடும். இதனை நன்குணர்ந்தவர் இத்தாலிய இசைமேதை வெர்டி. முதுமையிலே நலிந்த இசைவாணர் தங்கி வாழ்வதற்கென்று மிலான் நகரிலே தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு இல்லமொன்றைக் கட்டுவித்தார். 1901இல் அவர் மறைந்த பின், 1902இல் அது திறக்கப்பெற்றது. தம் நாடகங்களின் உரிமைப் பணத்தையும் அதன் பராமரிப்புக்கே அவர் ஒதுக்கி வைத்தார். உணவுக்கும் மருந்துக்கும் வழி இருந்தாற்றான், முதிய கலைஞர் மேடை ஏறுவதா வேண்டாமா என்று தம் மனம்போல் முடிவு செய்ய இயலும்.

கேட்போரின் பங்கையும் மறத்தல் ஆகாது. வானொலி 1925ஆம் ஆண்டிலே கொழும்பில் ஒலிக்கத் தொடங்கிற்று. 1949இல் ரேடியோ சிலோன் ஆயிற்று. 1967இற் கூட்டுத்தாபனமாக மாறிற்று. வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையின் தோட்டங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் மாலைப் பொழுதுகளிலே ஒரே பாட்டை ஒரே வேளையிற் கேட்டு வளர்ந்தன. 1983 ஜூலைக் கலவரத்தின் பின் அவர்களுட் பலர் இந்நகரை விட்டு நீங்கி உலகின் பல திசைகளிலும் குடியேறினர். லண்டனிலோ ரொறன்ரோவிலோ முதிய பாடகர் ஒருவர் மேடை ஏறும்பொழுது, அவர்கள் கேட்க விழைவது அவருடைய பாட்டை மட்டுமா? இழந்த வீட்டின் முற்றத்தையும், வானொலிப் பெட்டிக்கு அருகே அமர்ந்திருந்த தாய் தந்தையரையும் அக்குரலிலே தேடுகின்றனர். அந்தத் தேட்டம் இயல்பானதே. ஆயின், தமக்கும் வயதேறியதை உணர்ந்தவர்கள், பாடகருக்கு மட்டும் வயதேறவில்லை என்று எண்ணிக்கொள்வது எவ்வளவு பொருந்தும்? பழைய குரலைக் கேட்க விரும்புவோர்க்கு இசைத்தட்டும் ஒலிப்பதிவும் உள. அவற்றில் இல்லாத ஒன்றை, ஒரு வாழ்நாள் முழுவதும் ஒரு பாட்டோடு வாழ்ந்தவர் அதனைப்பற்றி இறுதியிற் கண்டறிந்தது யாது என்பதை, முதியவரின் மேடையிற்றான் கேட்கமுடியும்.

ஆகவே, விழா நடத்துவோர் செய்யத்தக்கன சில. முதியவரை அழைக்கும்பொழுது மூன்று மணி நேரக் கச்சேரியைக் கேளாது, அவர் விரும்பும் அளவைக் கேட்டறிதல் வேண்டும். சுருதியைத் தணித்துக்கொள்ளவும், சீடரை உடன் அமர்த்திக்கொள்ளவும் இடமளித்தல் வேண்டும். பதிவு செய்த பழைய குரலை ஒலிக்கவிட்டு வாயசைக்கச் செய்யும் பொய்யை எக்காரணம் கொண்டும் நாடலாகாது. பாடினாலும், பாடாமல் இருந்து ஓரிரு பாட்டின் நுட்பத்தை விளக்கினாலும், அதே சன்மானத்தை வழங்குதல் வேண்டும். அன்னார் வர இயலாது என்று கூறினால், அச்சொல்லையும் ஓர் இசைவாணரின் தீர்ப்பாக மதித்தல் வேண்டும்.

கொழும்பு மேடையிலே ஒருகாலத்தில் இணைந்து ஒலித்த இரண்டு குரல்களுள் ஒன்று இளமையிலேயே நின்றுவிட்டது. மற்றொன்று முதுமை வரை நடந்து சென்றது. நின்றுபோன குரலை எண்ணித் தமிழுலகம் ஏங்கியது. நடந்து சென்ற குரலைக் கேட்டு அது ஔவையைக் கண்டது. முதிய குரலுக்கு அதற்குரிய பாட்டைக் கொடுத்தால் மேடை தாழ்வதில்லை என்பதற்குச் சுந்தராம்பாளின் வாழ்வே சான்று.