ஒரு நொடியில் ஃபைல் கிடைப்பது எப்படி? மெட்ராஸ் நூலகர் ஒருவர் சொன்ன கணக்கு

1. மயிலாப்பூர்ல இருந்து சாந்தோம் தாண்டி பீச் ரோட்டுல போனா, இடது பக்கம் மாநிலக் கல்லூரி வரும். அங்கே கணக்கு சொல்லிக்கொடுத்துட்டு இருந்த ஒருத்தர் 1924 ஜனவரியில் மெட்ராஸ் பல்கலைக்கழக நூலகரா போனார். பேர் எஸ்.ஆர். ரங்கநாதன், சீர்காழிக்காரர். உங்க கம்ப்யூட்டர் ஒரு ஃபைலை எப்படி நொடியில தேடித் தருதுன்னு புரிய, இவர் கதையைத் தெரிஞ்சுக்கிட்டா போதும்.

2. போன கொஞ்ச நாள்லயே அவருக்கு நூலக வேலை போரடிச்சிடுச்சு. கல்லூரிக்கே திரும்பி வந்துடறேன்னு முதல்வர்கிட்ட கேட்டார். "முதல்ல லண்டன் போய்ப் படிச்சுட்டு வாங்க, அப்பவும் பிடிக்கலைன்னா பார்க்கலாம்" என்பதுதான் கிடைத்த பதில். போனார். 1925-ல் திரும்பி வந்தவர் வாழ்நாள் முழுக்க நூலகத்தை விடவே இல்லை.

3. லண்டனில் அவரை உறுத்திய விஷயம் இது. அப்போது பரவலா இருந்தது 1876-ல் வந்த டூயி முறை. ஒவ்வொரு பாடத்துக்கும் முன்கூட்டியே ஒரு எண் ஒதுக்கி வெச்சிருப்பாங்க. ஆனா ரெண்டு மூணு விஷயத்தைக் கலந்து பேசற புத்தகம் வந்தா எந்த எண்ணுல வைக்கிறது? ஒரு இடத்துல வெச்சா, இன்னொரு கோணத்துல தேடி வர்றவருக்கு அது கிடைக்காது.

4. செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்தார். அதே சில துண்டுகளை வேற வேற மாதிரி கோத்தா வேற வேற பொம்மை வருது. பாடங்களையும் இப்படித் துண்டு துண்டா பிரிச்சு, புத்தகத்துக்குத் தகுந்த மாதிரி கோத்துக்கலாமேன்னு தோணுச்சு. துண்டுகளை இணைக்க முக்காற்புள்ளி. அதுதான் 1933-ல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை.

5. நூலகப் பாடங்களில் இதுக்குக் காட்டும் பிரபலமான உதாரணம் எங்க துறையில இருந்துதான் வருது: "நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை, 1950-ல் இந்தியாவில் நடந்த ஆராய்ச்சி". எல் என்ற எழுத்து மருத்துவம், 45 நுரையீரல், 421 காசநோய், 6 சிகிச்சை, 253 எக்ஸ்ரே, 44 இந்தியா. குறியீட்டைப் படிச்சாலே புத்தகத்துல என்ன இருக்குன்னு தெரிஞ்சிடும்.

6. அதோட விடல. அந்தக் குறியீட்டைப் பின்னாலிருந்து பிரிச்சு சங்கிலி மாதிரி இண்டெக்ஸ் போடச் சொன்னார். எக்ஸ்ரேன்னு தேடி வந்தாலும், காசநோய்னு வந்தாலும், நுரையீரல்னு வந்தாலும் அதே அலமாரிக்கு வழி காட்டணும். புத்தகம் ஒண்ணுதான், கதவு நாலஞ்சு.

7. இப்ப உங்க கம்ப்யூட்டருக்கு வருவோம். இண்டெக்ஸ் இல்லைன்னா, "காசநோய்"னு தேடினதும் அது ஒவ்வொரு ஃபைலையும் திறந்து முதல் எழுத்துல இருந்து கடைசி வரை படிக்கணும். பத்தாயிரம் ஃபைல் இருந்தா பத்தாயிரத்தையும். அடுத்த தடவை தேடினா மறுபடியும் முதல்ல இருந்து.

8. இண்டெக்ஸ் போடற மென்பொருள் இந்தப் படிப்பை முன்னாடியே ஒரு தடவை முடிச்சிடும். வார்த்தைகளுக்கு ஒரு பட்டியல், ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே அது இருக்கற ஃபைல்களோட எண்கள். பழைய தமிழ் நூல்களின் பின்னால் இருக்கற சொல்லடைவு இதே வேலைதான். "காசநோய்", "எக்ஸ்ரே" ரெண்டும் சேர்த்துத் தேடினா, ரெண்டு பட்டியலிலும் பொதுவா இருக்கற எண்களை மட்டும் எடுத்தா போதும். ஒரு ஃபைலைக்கூட திறக்க வேண்டியதில்லை. புது ஃபைல் வந்தா அதை மட்டும் படிச்சு சேர்த்துக்கும்.

9. ஆக, வேலை காணாமப் போகல. முன்னாடி செஞ்சு வைக்கப்பட்டிருக்கு. 1931-ல் ரங்கநாதன் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளில் நாலாவது விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்லுது. கம்ப்யூட்டர் இண்டெக்ஸை அவர் கண்டுபிடிக்கல. ஆனா கணக்கு ஒண்ணுதான்: ஒருத்தர் ஒரு தடவை உழைச்சா, பின்னாடி வர்ற ஆயிரம் பேர் அலைய வேண்டாம்.

10. மருத்துவம் இதை முன்னாடியே புரிஞ்சுக்கிட்ட துறை. அமெரிக்காவில் ஜான் ஷா பில்லிங்ஸ் 1879-லேயே இண்டெக்ஸ் மெடிகஸ் தொடங்கினார். 1960-ல் அதற்கு ஒரே சீரான தலைப்புப் பட்டியல் வந்தது. இன்னைக்கு பப்மெட்ல "ஹார்ட் அட்டாக்"னு தேடினாலும், "மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்"னு எழுதின கட்டுரை வருதுன்னா அதனாலதான்.

11. இண்டெக்ஸ் எங்கே தோத்துப் போகும்? உள்ளே போகாத வார்த்தை வெளியே வராது. ஸ்கேன் பண்ணின பக்கம் வெறும் படமா இருந்தா அதுல தேட வார்த்தையே இல்ல. பேர்களும் அப்படித்தான். லட்சுமின்னு ஆங்கிலத்துல எழுத ஒருத்தர் "கே-எஸ்-ஹெச்" போடுவார், இன்னொருத்தர் "எக்ஸ்" போடுவார். கம்ப்யூட்டருக்கு அது ரெண்டு பேர். பேரை எப்படிப் பதியணும் என்பதையும் சேர்த்து ரங்கநாதன் 1934-ல் ஒரு விதிநூல் போட்டார்.

12. நூலகத்துல புத்தகம் கிடைக்கலைன்னா ஒரு வாசகர் ஏமாற்றத்தோட போவார். ஆஸ்பத்திரியில பழைய டிஸ்சார்ஜ் சம்மரி கிடைக்கலைன்னா, எந்த ஊசி ஒத்துக்காதுன்னு தெரியாம ராத்திரி டியூட்டி டாக்டர் முடிவெடுக்கணும். எடுத்த டெஸ்டையே திரும்ப எடுக்கணும். காகிதம் எங்கேயோ பத்திரமா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

13. அதனால நீங்க செய்யக்கூடியது மூணு. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்தா பேர் மாத்தி சேமிங்க: வருஷம், மாசம், யாரோடது, என்ன டெஸ்ட். "2024-03 அப்பா எக்கோ" போதும். அடுத்து, ஆதார்ல இருக்கற அதே ஸ்பெல்லிங்கை எல்லா ஆஸ்பத்திரியிலும் கொடுங்க. கடைசியா, ஒத்துக்காத மருந்து, பழைய ஆபரேஷன், தினசரி மாத்திரை இதையெல்லாம் ஒரே ஃபைல்ல டைப் பண்ணி வெச்சுக்கோங்க. டாக்டர் கையெழுத்தை எந்த மென்பொருளும் நம்பிப் படிக்காது!

14. வீட்ல பெரியவங்க இருந்தா இந்த ஞாயிற்றுக்கிழமையே அரை மணி நேரம் ஒதுக்கி இதைச் செஞ்சிடுங்க. எமர்ஜென்சியில அந்த அரை மணி நேரம் கிடைக்காது.