நகையும் நீதியும்
(வில்லியம் ஹோன் வழக்கு வரலாறு)

எண்வகை மெய்ப்பாட்டினுள் நகையை முதற்கண் வைத்து ஓதினார் தொல்காப்பியனார். எள்ளல் அந்நகை பிறக்கும் நிலைக்களன்களுள் ஒன்று என்றும் அவர் கூறினார். வசையை அங்கதம் எனப் பெயரிட்டு, வெளிப்படையாக வைவதைச் செம்பொருள் என்றும், மறைத்து மொழிவதைப் பழிகரப்பு என்றும் இரண்டாக வகுத்தமைத்தார். வலியவன் எளியவனை இகழ்வதற்கு மறைப்பு வேண்டுவதில்லை. எளியவன் வலியவனது குற்றத்தை எடுத்துக்காட்டப் புகுங்கால், பழிகரப்பே அவனுக்கு வாளும் கேடயமும் ஆகின்றது. இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளாத வேந்தனுக்குப் பகைவர் வேண்டா, அவன் தானே அழிவான் என்பது வள்ளுவனார் கருத்து. அவ்விடித்துரை சில வேளைகளில் அமைச்சர் வாயினின்று வாராமல், தெருவோரத்துப் புத்தகக் கடையினின்றும் வருவதுண்டு. அத்தகைய கடைக்காரர் ஒருவர் இங்கிலாந்து தேசத்தில் துரைத்தனத்தை எதிர்த்து மூன்று நாள் தனித்து நின்று வென்ற வரலாற்றை, நம் சங்கத்து அன்பர்கட்கு ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

அவர் பெயர் வில்லியம் ஹோன். 1780-ஆம் ஆண்டில் பிறந்தவர். உயர்குடிப் பிறப்பும், கலாசாலைப் பட்டமும், கைப்பொருளும் இல்லாதவர். லண்டன் மாநகரிலே சிறு புத்தகக் கடை வைத்து, தாமே எழுதியும் அச்சிட்டும் விற்றும் மனைவி மக்களைக் காத்து வந்தார்.

அக்காலத்து நாட்டு நிலையை முதலில் அறிதல் வேண்டும். 1815-இல் வாட்டர்லூப் போரோடு நெப்போலியன் வீழ்ந்தான், போர் ஓய்ந்தது. ஆயினும் ஏழைகட்குத் துன்பம் ஓய்ந்திலது. போர்வீரர் பல்லாயிரவர் வேலையின்றி ஊர் திரும்பினர். அவ்வாண்டிலேயே, உள்நாட்டுக் கோதுமை குவார்ட்டர் ஒன்றுக்கு 80 ஷில்லிங் விலை ஏறும் வரையில் அயல்நாட்டுக் கோதுமை விற்பனைக்கு வருதல் கூடாதெனப் பார்லிமெண்டு சட்டம் செய்தது. நிலக்கிழார் மகிழ்ந்தனர், கூலியாட்கள் அப்பத்திற்கு ஏங்கினர். செய்யும் வேலை ஒன்றுமின்றிச் சம்பளம் மட்டும் பெறும் பதவிகளில் பெருமக்களின் சுற்றத்தார் பலர் அமர்ந்திருந்தனர்.

இக்குறைகளைச் சொல்லப் பத்திரிகைகள் இல்லையோ எனின், இருந்தன. ஆனால் 1815 முதல் பத்திரிகைத்தாள் ஒவ்வொன்றுக்கும் 4 பெனி முத்திரை வரி விதிக்கப்பட்டிருந்தது. ஒரு தாளின் விலை 7 பெனியாயிற்று. ஏழை அதனை வாங்குதல் யாங்ஙனம்? பத்திராதிபருள்ளும் துரைத்தனத்தாரின் விளம்பரமும் உதவியும் பெற்று அவர்கள் பாட்டையே பாடினார் பலர். எனவே அரசு ஒரு வாயிலும், அதனைப் புகழும் பத்திரிகை மறுவாயிலும் நிற்க, ஏழையின் குரல் நுழைதற்கு வழியில்லாதிருந்தது. நகை என்னும் சிறு துளை வழியே அக்குரலை ஹோன் நுழைத்தார்.

1817-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் மூன்று சிறுபிரசுரங்களை வெளியிட்டார். ஆலயங்களில் ஓதப்படும் ஞானோபதேச வினாவிடை, மன்றாட்டு மாலை, விசுவாசப் பிரமாணம் என்னும் மூன்றின் நடையையும் அவை பின்பற்றின. முதலாவதிலே, அமைச்சருக்கு அடிமைப்பட்ட பார்லிமெண்டு உறுப்பினன் ஒருவன், தன் மந்திரியே தன் தெய்வமென வினாவுக்கு விடை கூறுகின்றான். இரண்டாவதிலே, வரிகளினின்றும் வீண் பதவிகளினின்றும் தங்களைக் காத்தருளுமாறு குடிகள் ஆள்வோரை மன்றாடுகின்றனர். மூன்றாவதிலே, வேலையில்லாச் சம்பளக்காரன் ஒருவன் மூன்று மந்திரிகளையும் ஒருவராகவும், ஒருவரை மூவராகவும் நம்புவதாக அறிக்கையிடுகின்றான். ஆலயத்திலே வாரந்தோறும் ஓதிப் பழகிய ஓசையாதலின், எழுத்தறியாதாரும் ஒருமுறை கேட்டு மனப்பாடம் செய்தனர். அத்துணை எளிதாகப் பரவியதே துரைத்தனத்தாருக்கு அச்சம் விளைத்தது.

அத்திருமொழிகளின் நடையைக் கேலிக்குப் பயன்படுத்தியது பக்தர் சிலர் உள்ளத்தைப் புண்படுத்திற்று. தம் தந்தையாரும் வருந்தினார் என அறிந்த ஹோன், பிப்ரவரி மாதத்திலேயே அப்பிரசுரங்களை விற்பனையினின்றும் நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியும் அரசு நிறுத்தவில்லை. மார்ச்சு மாதத்திலே, விசாரணையின்றி ஒருவரைச் சிறையிடலாகாது என்னும் ஹேபியஸ் கார்ப்பஸ் உரிமை இடைநிறுத்தம் செய்யப்பட்டது. தேவநிந்தையும் ராஜநிந்தையும் அடங்கிய பிரசுரங்களை விற்பாரைப் பிடித்தல் கூடுமென உள்நாட்டு மந்திரியாகிய சிட்மத் பிரபு சுற்றறிக்கை விடுத்தார். மே மாதம் 3-ஆம் நாள் ஹோன் கைதானார். ஜாமீன் கொடுக்கப் பொருளின்றி இரண்டு மாதம் சிறையில் இருந்தார்.

ஈண்டு ஒரு சூழ்ச்சியைக் கவனித்தல் வேண்டும். பிரசுரங்கள் எள்ளியது மந்திரிகளை. வழக்கோ தேவநிந்தை என்று. மந்திரிகளை நகைத்தான் என வழக்கிட்டால், அந்நகை எதன்பொருட்டு எழுந்தது என்ற கேள்வி நீதிமன்றத்தில் எழும். வரியும் வீண் சம்பளமும் விசாரணைக்கு வரும். தெய்வத்தை இகழ்ந்தான் என்றாலோ, ஊரார் உள்ளம் வழக்கிட்டவர் பக்கம் சாயும். தம் மானத்தைக் காக்கச் சமயத்தைத் திரையாக இழுத்துக்கொண்டனர் அதிகாரிகள்.

வழக்குகள் மூன்றும் டிசம்பர் 18, 19, 20 ஆகிய மூன்று நாட்களில், ஒரு நாளைக்கு ஒன்றாக, லண்டன் கில்டுஹால் மன்றத்தில் நடைபெற்றன. ஹோனுக்காகப் பேச வக்கீல் இல்லை. பழைய கோட்டு ஒன்றை அணிந்து, மேசை மீது தம் கடைப் புத்தகங்களைக் குவித்துவைத்துக்கொண்டு, 37 வயதான அவ்வெளிய வணிகர் தாமே எழுந்து நின்றார். முதல் நாள் ஏறத்தாழ ஆறு மணி நேரம் பேசினார்.

அவர் வாதம் யாது? “ஒரு நூலின் நடையைப் பின்பற்றி எழுதுவோன் அந்நூலையே இகழ்கின்றான் என்பது பொருந்தாது, இகழப்படும் பொருள் வேறு, இகழ்ச்சிக்குக் கருவியாகிய நடை வேறு” என்பதே அதன் சாரம். இதனை நிறுவ அவர் நூல் மேல் நூலாக எடுத்துப் படித்தார். மார்ட்டின் லூதர் அங்ஙனம் எழுதியதைக் காட்டினார். காண்டர்பரிப் பேராலயத்துக் குருமார் தலைவர் ஒருவர் பிரசங்கத்திலேயே ஜெபத்தின் நடையைக் கேலியாக மாற்றியதைக் காட்டினார். அவர்களுள் எவரும் தேவநிந்தைக்குத் தண்டனை பெறவில்லையே என வினவினார். பழைய பிழைகள் புதிய பிழைக்கு அரணாகா என்று நீதிபதி தடுக்கவும், பணிவு குன்றாமலே மீண்டும் தொடர்ந்தார்.

இவற்றினும் கூரியதோர் அம்பு அவரிடம் இருந்தது. 1797, 1798 ஆண்டுகளில் துரைத்தனத்தின் பக்கம் நின்று எதிர்க்கட்சியாரை எள்ளுதற்கென்றே ஆன்டி ஜாக்கபின் என்னும் பத்திரிகை நடந்தது. அதில் வேத வாசகங்களின் நடையைக் கேலி செய்த பாடலை வெளியிட்ட கூட்டத்தின் தலைவர் ஜார்ஜ் கானிங். அவரோ, வழக்கு நடந்த 1817-இல் மந்திரிசபையில் வீற்றிருந்தார். இந்தியாவில் கம்பெனி நடத்திய ஆட்சியை மேற்பார்க்கும் போர்டின் தலைவரும் அவரே. அதே நடையில் படம் வரைந்த கில்ரே என்னும் ஓவியருக்கோ ஆண்டுக்கு 200 பவுன் உபகாரச் சம்பளம் அரசினின்றும் அளிக்கப்பட்டிருந்தது. மந்திரி செய்தால் புலமை, புத்தகக் கடைக்காரன் செய்தால் தேவநிந்தையோ? ஒருவருக்குச் சம்பளம் வாங்கித் தந்த செயல் மற்றொருவருக்குச் சிறை வாங்கித் தருமோ? இவ்வினாவுக்கு வழக்கிட்டவரிடம் விடையில்லை. ஜூரர்கள் கால் மணி நேரத்துள் திரும்பிவந்து, குற்றவாளி அல்லர் என்று தீர்ப்பளித்தனர்.

மறுநாள் தலைமை நீதிபதியாகிய எல்லன்பரோ பிரபுவே, உடல் நலிவையும் பொருட்படுத்தாது நேரில் வந்து அமர்ந்தார். கண்டிப்பிற்குப் பேர்போனவர் அவர். ஹோன் அன்று ஏழு மணி நேரம் பேசினார். இறுதியில் நீதிபதி ஜூரர்களை நோக்கி, இது மிகக் கொடிய தேவநிந்தை என்பதே தம் கருத்தென்று வெளிப்படையாக உரைத்தார். ஜூரர்கள் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆராய்ந்து, குற்றமில்லை என்றனர்.

மூன்றாம் நாள் ஹோன் உடல் தளர்ந்து வந்தார். மன்றத்தின் வெளியே பெருங்கூட்டம் கூடியிருந்தது. அன்றைய வழக்கு விசுவாசப் பிரமாணத்தைப் பற்றியது. தலைமை நீதிபதியின் தந்தையார் கார்லைல் நகரத்து அத்தியட்சராக இருந்தவர். அப்பிரமாணத்தில் அவருக்கே முழு நம்பிக்கை இருந்ததில்லையென ஹோன் குறிப்பிட்டார். தம் தந்தையாரைப் பற்றிய பேச்சை விட்டுவிடுமாறு நீதிபதி வேண்டிக்கொள்ள, ஹோனும் உடனே விட்டுவிட்டார். முதல் நாட்களில் அதட்டிய குரல் மூன்றாம் நாள் வேண்டிக்கொள்ளும் குரலாயிற்று. எட்டு மணி நேரம் பேசிய பின்னர், இருபது நிமிடத்தில் மூன்றாம் விடுதலை வந்தது. மக்கள் ஆரவாரம் தெருவெங்கும் முழங்கிற்று.

இவ்வெற்றிக்கு ஹோனுடைய நாவன்மை மட்டுமே காரணம் என்று எண்ணுதல் கூடாது. 1792-இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, நிந்தை வழக்குகளில் முழுத் தீர்ப்பையும் கூறும் உரிமையை ஜூரர்க்கு அளித்திருந்தது. அதற்கு முன்னர், பிரசுரித்தது இவன்தானா என்பதை மட்டும் ஜூரர் கூற, நிந்தையா அன்றா என்பதை நீதிபதியே முடிவுசெய்து வந்தார். இச்சட்டம் இல்லையேல் எல்லன்பரோ பிரபுவின் சொல்லே ஹோனைச் சிறைக்கு அனுப்பியிருக்கும். ஜூரர்களோ லண்டன் நகரத்து வணிகர்கள். அரசை எதிர்ப்பதால் ஊதியம் யாதும் பெறாதவர்கள். தலைமை நீதிபதி முகத்துக்கு நேரே, தம் மனச்சான்று கூறியதைக் கூறினர். நகைத்தவரின் துணிவினும் இவர்தம் துணிவு குறைந்ததன்று என்பது எம் கருத்து.

பொதுமக்கள் ஹோனுக்காக 3,000 பவுனுக்கு மேல் நிதி திரட்டினர். எல்லன்பரோ பிரபு மறு ஆண்டில் பதவி துறந்து அவ்வாண்டிலேயே காலமானார். இத்தோல்வியே அவரைக் கொன்றதென ஊரார் பேசினர். ஆயினும் அவர் முன்னரே நோயுற்றவர் என்பதை மறத்தலாகாது.

1819-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள், வாக்குரிமை வேண்டி மான்செஸ்டர் நகரத்தில் அமைதியாகக் கூடிய பெருங்கூட்டத்தின்மேல் குதிரைப்படை ஏவப்பட்டது. பதினைந்து பேருக்குக் குறையாமல் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் புண்பட்டனர். அதற்கு விடையாக ஹோன், குழந்தைகள் பாடும் வீடு கட்டிய கதைப்பாட்டின் நடையில் ஒரு பிரசுரம் எழுதினார். ஜார்ஜ் குரூக்ஷாங்க் என்னும் இளம் ஓவியர் அதற்கு 13 மரச்செதுக்குப் படங்கள் வரைந்தார். நாட்டின் உரிமைச் சாசனங்கள் அவ்வீட்டிலுள்ள செல்வம். அதனை அரிப்போர் வரிதண்டுவாரும் வீண் பதவியினரும். அவர்களை அடக்க வல்லது அச்சு இயந்திரம். ஒரு ஷில்லிங் விலையுள்ள அப்பிரசுரம் ஏறத்தாழ ஒரு லட்சம் படிகள் விற்றதென்பர். தாலாட்டுப் பருவத்துப் பாட்டின்மேல் தேவநிந்தை வழக்கிட இயலுமோ? அரசு வழக்கிடவில்லை, வேறு வழி தேடிற்று. அவ்வாண்டு டிசம்பரில் ஆறு சட்டங்கள் செய்து, மலிவான பருவ வெளியீடுகள் மீதும் முத்திரை வரியைச் சுமத்திற்று. 1820-இல், தம்மை இழிந்த நிலையில் வரையாதிருக்கும்படி நான்காம் ஜார்ஜ் மன்னர் தரப்பினர் குரூக்ஷாங்குக்கு 100 பவுன் கொடுத்தனர். சிறையால் அடக்க இயலாததைப் பொன்னால் அடக்க முயன்றனர். அவ்வாண்டிலேயே மன்னரின் இல்லற வழக்கை எள்ளிய ஹோனின் பிரசுரத்துக்கும் படம் வரைந்தவர் அவ்வோவியரே.

இனிப் பத்திரிகையாளர் பக்கம் திரும்புவோம். டைம்ஸ் பத்திரிகையினின்றும் நீக்கப்பட்ட ஸ்டோடார்ட் என்பவர், நியூ டைம்ஸ் என்னும் பத்திரிகையை நடத்தித் துரைத்தனத்தைப் போற்றிவந்தார். பிரிட்ஜ் தெருவில் இருந்த செல்வர் சங்கமொன்று, சிறு பிரசுரக்காரர்மேல் வழக்குத் தொடுப்பதையே தொழிலாகக் கொண்டது. 1821-இல் ஹோன், நியூ டைம்ஸ் பத்திரிகையைப் போன்றே தோன்றும் கேலித்தாள் ஒன்றை அச்சிட்டார். விளம்பரமும், செய்தியும், தலையங்கமும், வரி முத்திரைக்கு ஈடான போலி முத்திரையும் அதில் இருந்தன. பெரிய எழுத்தில் அச்சானமையால் மட்டும் ஒரு செய்தி மெய்யாகிவிடாது என்பதை அத்தாள் ஊரார்க்கு விளக்கிற்று.

ஸ்டோடார்ட் பின்னர் சர் பட்டமும் மால்ட்டாத் தீவின் தலைமை நீதிபதிப் பதவியும் பெற்றார். ஹோனோ 1826-இல் கடனுக்காகச் சிறைப்பட்டார். பிற்காலத்தில் பழைய வழக்கங்களைத் தொகுத்து நூல் செய்தும், பக்திநெறியில் ஒழுகியும் 1842-இல் மறைந்தார். சார்ல்ஸ் டிக்கன்ஸ் அவர் இறுதிச் சடங்கிற்கு வந்திருந்தார். உலகம் உடனே பரிசளிப்பது ஒருவருக்கு. காலம் பரிசளிப்பது மற்றொருவருக்கு. முத்திரை வரி 1855-இல் ஒழிந்தது. தேவநிந்தைக் குற்றம் 2008-இலும், ராஜநிந்தைக் குற்றம் 2009-இலும் அந்நாட்டுச் சட்டத்தினின்றும் நீக்கப்பட்டன.

இவ்வரலாற்றால் அறியத்தக்கன இரண்டு. நகைப்போன் பிறர் போற்றும் புனிதத்தைப் புண்படுத்தாது குற்றத்தை மட்டும் குறிவைத்தல் நன்று. ஹோனே பிரசுரத்தை நிறுத்தியது இதற்குச் சான்று. நகைக்கப்படுவோன் சினந்து வழக்குத் தேடாமல், நகைக்குக் காரணமான குறையைத் தன்னிடத்தே தேடுதல் அதனினும் நன்று. அரசுக்கு மட்டுமன்று, பத்திரிகைக்கும், நம்மைப் போன்ற சங்கங்கட்கும், ஒவ்வொரு குடும்பத் தலைவருக்கும் இது பொருந்தும். கூட்டத்தில் இளைஞன் ஒருவன் எழுந்து நம் குறையை நகையாகச் சொன்னால், அவனை உட்காரச் சொல்லுமுன் அவன் சொல்லில் உண்மை உண்டோ என ஆராய்வோமாக. உண்டாயின் திருந்துவோம், இல்லையாயின் நாமும் உடன் நகைத்து அமைவோம்.