கரியும் கணக்கும்
1882-இல் லண்டன் ஹோல்பர்ன் பகுதியில், நிலக்கரியை எரித்துப் பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கும் நிலையம் தோன்றிற்று. 142 ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பர் 30 அன்று, பிரிட்டன் தனது கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடியது. அந்நாட்டின் செல்வம் கரியால் வளர்ந்தது. புகையோ உலகுக்கெல்லாம் பொதுவாயிற்று.

2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில், நிலக்கரி மின்சாரத்தைப் 'படிப்படியாக ஒழித்தல்' என்பதைப் 'படிப்படியாகக் குறைத்தல்' என மாற்றுமாறு பாரதம் கோரியது, சீனமும் ஆதரித்தது. பழி நம்மீது விழுந்தது. எண்ணெயையும் எரிவாயுவையும் குறைப்பது பற்றி அவ்வாசகத்தில் ஒரு சொல்லும் இல்லை என்பதைப் பலர் கருதவில்லை.

2024-இல் நம் மின்சாரத்தில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் நிலக்கரியால் பிறந்தது. ஆகவே நாம் தவணை கேட்டது நியாயமே. ஆனால் கரியமிலவாயுவின் நிகர வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்க நாம் குறித்த ஆண்டு 2070. அதுவரை கடும் வெயிலில் உழைப்போர் படும் துன்பத்தையும் இக்கணக்கில் சேர்த்தே நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.