மண்ணெண்ணெயில் ஓடிய படமும் அதன் இரண்டாம் பாகமும்

‘இந்தியன் 2’ 2024 ஜூலை 12ஆம் திகதி வெளியானது. முதற்படம் வந்து 28 வருசங்கள் கழிந்திருந்தன. இரண்டாம் பாகத்தைத் தயாரித்த லைக்கா நிறுவனத்தை உருவாக்கிய அல்லிராஜா சுபாஸ்கரன் முல்லைத்தீவில் பிறந்தவர். அந்தப் பெருமையைக் கதைக்காத தேநீர்க் கடை அந்தக் கிழமை கிளிநொச்சியில் இல்லை. ஆனால் வன்னிக்கும் அந்தப் படத்துக்கும் உள்ள உறவு தயாரிப்பாளரின் பிறந்த ஊரோடு முடிந்துவிடுவதல்ல. முதற்படத்தை நாங்கள் எப்படிப் பார்த்தோம், இரண்டாம் பாகம் வரப்போகிறது என்றதும் ஏன் ஆசைப்பட்டோம், எதற்குப் பயந்தோம் என்பதை எழுதினால் அதில் இந்த மண்ணின் படம் பார்த்த வரலாறும் வந்துவிடும். வீடியோ டெக் வாடகைக்கு விட்ட வீட்டில் வளர்ந்தவள் நான். எழுதும் உரிமை எனக்குக் கொஞ்சம் உண்டு.

எண்பதுகளின் தொடக்கத்தில் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது கொண்டுவந்த சாமான்களில் முக்கியமானது வீடியோ டெக். அதற்கு முன் நல்ல படம் என்றால் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ பஸ் ஏற வேண்டும். டெக் வந்த பிறகு படம் ஊருக்கே வந்தது. சாமத்தியவீடு, கலியாணம், கோயில் திருவிழா முடிந்த இரவு, வாசிகசாலை ஆண்டுவிழா என்று எல்லாவற்றுக்கும் ‘படம் போடுவது’ வழக்கமானது. பொழுதுபட்டால் தொடங்கி விடிய விடிய மூன்று, நாலு படம். முதலில் சாமிப் படம், பிறகு குடும்பப் படம், பிள்ளைகள் நித்திரையான பிறகு சண்டைப் படம். ஆனால் சண்டைப் படத்துக்காகத்தான் பிள்ளைகள் நித்திரை கொள்ளாமல் கிடப்பார்கள்.

எங்கள் மாமாவிடம் ஒரு டெக், ஒரு கலர் ரி.வி., ஒரு சின்ன ஹொண்டா ஜெனரேற்றர் இருந்தன. யார் எப்போது எடுத்தார்கள், எந்தப் படங்கள், எவ்வளவு எண்ணெய் என்று ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதுவது என் வேலை. எழுத்து வடிவாக இருக்கிறது என்று மாமா என்னிடம் தந்தார். பின்னாளில் நான் வரலாற்றுப் பாட ஆசிரியரானதற்கு அந்தக் கொப்பிதான் தொடக்கம் என்று நம்புகிறேன்.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை. சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, ரைனமோவில் வானொலி கேட்டது. ஜெனரேற்றரைக் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மாற்றும் அந்த நேரம் தவறினால் இயந்திரம் இருமி நின்றுவிடும். மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு என்பதால் படம் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போத்தலில் கொண்டுவருவார்கள். காசுக்குப் படம் காட்டிய மினி சினிமாக்களும் கிடுகுக் கொட்டில்களில் இருந்தன. விடுதலைப் புலிகள் இயக்கத்தின் தணிக்கையைத் தாண்டி வரும் கொப்பிகளில் பாட்டுக் காட்சிகள் வெட்டுப்பட்டிருக்கும். சண்டை பெரும்பாலும் முழுதாக இருக்கும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்து வீதிக்கு வந்தார்கள். அதற்கடுத்த மாதங்களில் கிளாலி கடந்து வன்னிக்கு வந்தவர்கள் பல்லாயிரம் பேர். மறுவருடம் ஜூலையில் இராணுவத்தின் சத்ஜெய நடவடிக்கை தொடங்கியதும் கிளிநொச்சி நகரத்தில் இருந்த நாங்களும் எழும்பினோம். அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று சனம் காட்டோரம் பரவியது. மாமா உழவு இயந்திரப் பெட்டியில் நெல் மூட்டைகளுக்கு நடுவே டெக்கைப் பழைய சீலைகளால் சுற்றி வைத்துக்கொண்டு வந்தார். “ஏன் அண்ணை, இதையுமோ?” என்று அம்மா கேட்டா. “சனம் எங்க போனாலும் படம் கேக்கும், தங்கச்சி” என்றார் மாமா.

அவர் சொன்னது சரியாக இருந்தது. 1996 மே மாதம் தமிழ்நாட்டில் வெளியான ‘இந்தியன்’ படக் கொப்பி மாதங்கள் கழித்து ஸ்கந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தது. பலமுறை பிரதி எடுத்த நாடா என்பதால் நிறம் மங்கியிருந்தது. ஹெட் அடிக்கடி அழுக்குப் பிடிக்க, மாமா வெள்ளைக் கடதாசியால் துடைத்துத் துடைத்துப் போட்டார். கமல்ஹாசனுக்குக் கிழவன் வேடம் போட்ட மைக்கேல் வெஸ்ட்மோரின் கைவண்ணம் எங்களுக்குப் பாதிதான் தெரிந்தது. அந்த நடிப்புக்குக் கமலுக்குத் தேசிய விருது கிடைத்தது என்பதைப் பிறகுதான் அறிந்தோம். தெரிந்த பாதியே போதுமாக இருந்தது.

ஏன் போதுமாக இருந்தது என்பதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். படத்தின் கிழவனான சேனாபதி சுபாஷ் சந்திரபோஸின் படையில் இருந்து போராடியவர். போர் முடிந்து, விடுதலையும் வந்து, வீட்டில் முதியவராக இருக்கிறார். தீக்காயப்பட்ட மகளுக்கு வைத்தியம் செய்ய லஞ்சம் கேட்கிறார்கள். அவர் கொடுக்க மறுக்கிறார், மகள் இறக்கிறாள். மருந்து தட்டுப்பாடான காலத்தில், மலேரியாவோடு ஆசுப்பத்திரி விறாந்தையில் கிடந்த பிள்ளைகளைத் தெரிந்த சனத்துக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொட்டிலில் இருந்த தாய்மார் சீலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு அழுதார்கள். பிறகு கிழவன் வர்மக்கலையால் விரல்களை மடக்கி எழும்பும்போது பெடியள் எழுந்து நின்று கத்தினார்கள்.

முடிவு அதைவிடப் பெரியது. தவறு செய்த மகனைத் தன் கையாலேயே கொல்லும் சேனாபதி விமான நிலையத்து வெடிப்பில் இறந்துவிட்டார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கடைசியில் வெளிநாடு ஒன்றிலிருந்து தொலைபேசியில் பேசுகிறார், தேவைப்பட்டால் வருவேன் என்கிறார். எங்கள் முதல் இரவில் அந்த இடத்துக்கு முன்பே எண்ணெய் முடிந்துவிட்டது. விமான நிலையச் சண்டையோடு திரை இருண்டது. அந்த இரவு மட்டும் அப்படி நடக்கவில்லை. எண்ணெய் முடிவதும், விமானச் சத்தம் கேட்டு எல்லாவற்றையும் நிற்பாட்டுவதும் அடிக்கடி நடந்தவை. அதனால் வன்னியில் இன்னொரு பழக்கம் வளர்ந்தது. முடிவைப் பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குக் கதை சொல்வார்கள். யாருமே பார்க்கவில்லை என்றால் தாங்களாகவே முடித்துவைப்பார்கள். மறுநாள் கிணற்றடியில் சேனாபதி இறந்துவிட்டார் என்று ஒரு கட்சி, தப்பிவிட்டார் என்று ஒரு கட்சி. கிழவன் காட்டுக்குள் போயிருப்பார் என்று ஒரு ஆச்சி சொன்னா. வேறு எங்கே போவார் என்று கேட்டா.

இரண்டாம் பாகம் என்பதை நாங்கள் சினிமாவிடமிருந்து கற்கவில்லை என்று நான் சொல்வது அதனால்தான். ஒரு கதை நின்ற இடத்திலிருந்து அடுத்து என்ன நடந்திருக்கும் என்று கேட்பது இங்கே ஒரு வழக்கமாகவே இருந்தது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாகி, ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபோது கொழும்பிலிருந்து சீ.டி.க்கள் பெட்டி பெட்டியாக வந்தன. டெக் ஓய்வுபெற்றது. அந்தக் கொஞ்ச வருசங்களில் வன்னியிலேயே படம் எடுக்கும் ஆசையும் பெருகியது. ஜான் மகேந்திரன் இயக்கிய ‘ஆணிவேர்’ 2006இல் வந்தது, வன்னி மண்ணிலேயே எடுத்த படம். வெளிநாட்டுப் போர்ப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுத்துத் திரையிட்டதும் அந்தக் காலம்தான். ‘இந்தியன்’ படத்தை முழுதாக, முடிவோடு பார்த்ததும் அப்போதுதான். தொலைபேசிக் காட்சி வந்தபோது, அந்த ஆச்சி சொன்ன கட்சி வென்றுவிட்டது என்று எங்கள் வீட்டில் கை தட்டினார்கள்.

2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்தின் கையில் விழுந்தது. மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத மாட்டேன். மாமாவும் டெக்கும் என் கொப்பியும் அந்தப் பாதையில்தான் போய்விட்டன என்பதை மட்டும் பதிந்துவைக்கிறேன்.

2017 வந்தது. பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். ஏப்ரலில் லைக்காவின் ஞானம் அறக்கட்டளை வவுனியாவில் கட்டிய 150 வீடுகளைக் கையளிக்க ரஜினிகாந்த் வருவதாக இருந்தது. தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பால் அவர் வரவில்லை. லைக்கா தயாரித்த ‘2.0’, ‘எந்திரன்’ படத்தின் இரண்டாம் பாகம், அப்போது முடியும் நிலையில் இருந்தது. அதே வருடம் செப்ரெம்பர் கடைசியில் ‘இந்தியன் 2’ அறிவிப்பு வந்தது. இறந்தார் என்று எல்லோரும் நம்பிய ஒருவர் தொலைபேசியில் பேசும் அந்தக் கடைசிக் காட்சி, தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் நெஞ்சு துடிக்கும் தாய்மாருள்ள ஊரில் வேறு விதமாகத்தான் நினைவில் இருக்கும். எங்கள் ஊரில் அந்த அறிவிப்பைக் கேட்டு ஒரு அம்மா என்னிடம் கேட்டா: “அப்ப அந்தக் கிழவன் திரும்பி வாறானோ, பிள்ளை?” சினிமா ரசிகர் என்று நாங்கள் யாரும் சொல்ல மாட்டாத ஒரு தாய் அவ.

2019 ஜனவரியில் படப்பிடிப்பு தொடங்கியது. 2020 பெப்ரவரியில் படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். பிறகு கொரோனா, தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் நீதிமன்ற வழக்கு, 2022இல் மீண்டும் தொடக்கம். முதற்படத்தில் சேனாபதியைத் தேடிய அதிகாரியாக நடித்த நெடுமுடி வேணுவும், இரண்டாம் பாகத்தில் நடித்துக்கொண்டிருந்த விவேக்கும் 2021இல் காலமானார்கள். முதற்படத்துக்கு வசனம் எழுதிய சுஜாதா 2008இலேயே போய்விட்டார். இசையில் ரஹ்மானின் இடத்தில் அனிருத் வந்தார்.

அந்த நீண்ட காத்திருப்பில் எங்கள் ஆசிரியர் அறையில் பேசிய கவலைகள் எனக்கு நல்ல ஞாபகம். கணித ஆசிரியர் வயதைக் கணக்குப் போட்டார்: சுதந்திரத்துக்கு முன் ஆயுதம் தூக்கியவர் இப்போது நூறைத் தாண்டியிருப்பார், அவர் எப்படிச் சண்டை பிடிப்பார்? இசையைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள். சுஜாதா இல்லாத சேனாபதி என்ன கதைப்பார் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். என் கவலை வேறு. போராடிய ஒரு மனிதன் போராட்டம் நின்ற பிறகு வாழ்ந்த வருசங்களைப் படம் காட்டுமா? போருக்குப் பிறகு சுமார் 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்கள் வழியாக வெளியே வந்தார்கள். கால் இழந்தவர்கள், கண் இழந்தவர்கள், வேலை கிடைக்காதவர்கள், பக்கத்து வீட்டாரே கதைக்கத் தயங்கியவர்கள் எங்கள் ஊர்களில் வாழ்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு நான் படிப்பிக்கிறேன். போரிட்டவன் பிறகு என்ன ஆனான் என்பது இங்கே ஒவ்வொரு நாளும் முகத்துக்கு முன்னால் நிற்கும் கேள்வி.

படத்தை யாழ்ப்பாணத்தில் பார்த்தோம். 3 மணி நேரப் படம். வெளியாகிச் சில நாட்களில் 12 நிமிடங்களைக் குறைத்தார்கள். என் மனதுக்குப் பட்டதை நேராகச் சொல்கிறேன்: சண்டைகள் பெரிதாகின, மனிதர் சின்னதாகிவிட்டார். 28 வருசங்கள் அவர் யாரோடு இருந்தார், தன் கையால் கொன்ற மகனை எப்படி நினைத்துக்கொண்டார், எதைச் சாப்பிட்டார், எதற்குப் பயந்தார் என்று படம் கேட்கவில்லை. ஒரு இடம் மட்டும் என்னைப் பிடித்து உலுக்கியது. வா என்று கூப்பிட்ட மக்களே போ என்று அவரைத் துரத்துகிறார்கள். அந்தக் காட்சியில் எங்கள் வரிசையில் யாரும் அசையவில்லை. அங்கிருந்துதான் படம் தொடங்கியிருக்க வேண்டும் என்று நான் இன்னும் நினைக்கிறேன்.

என் மாணவர்களுக்குச் சேனாபதி தாத்தா காலத்து ஆள். அவர்களுடைய ஆள் டில்லி. 2019 தீபாவளிக்கு வந்த ‘கைதி’யில் 10 வருசச் சிறைக்குப் பிறகு, இதுவரை பார்த்திராத மகளைப் பார்க்கப் புறப்படும் தகப்பன். 2022 ஜூனில், ‘கைதி’யின் கதையோடு தொடர்புள்ள ‘விக்ரம்’ வந்தபோது நாடு முழுவதும் பெற்றோல் வரிசை. விடியற்காலையில் கான்களோடு நின்ற பெடியள் அந்தப் பட வில்லன் ரோலக்ஸ் பற்றியும், டில்லி எப்போது திரும்பி வருவார் என்பது பற்றியுமே கதைத்தார்கள். அந்தக் கானில் எண்ணெய் கிடைக்குமா என்ற கவலையும் டில்லியின் கவலையும் ஒரே வாயில் வந்தன. தகப்பனைச் சிறைக் கம்பிகளுக்கு அப்பால் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் என்னிடம் சொன்னான்: “ரீச்சர், ரெண்டாம் பாகத்தில சண்டை குறைஞ்சாலும் பரவாயில்லை. அந்தத் தங்கச்சியோட அவர் இருக்கிறதைக் கொஞ்சம் காட்டவேணும்.”

படம் எடுப்பவர்களிடம் வன்னி ரசிகர்கள் சார்பாக நான் கேட்பதும் அதுதான். ‘கைதி 2’ வந்தாலும், ‘இந்தியன் 3’ வந்தாலும், இடையில் கழிந்த வருசங்களைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அடி வாங்கியவன் வீட்டில் எப்படித் தூங்குகிறான், அவன் பிள்ளை அவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, ஊர் அவனை எப்படிப் பார்க்கிறது என்று காட்டுங்கள். அதற்குப் பிறகு வரும் ஒரு அடி பத்து விமான நிலையச் சண்டைகளை விட எங்களை எழுந்து நிற்கவைக்கும்.

எங்கள் சனத்திடமும் ஒன்று கேட்கிறேன். டெக் வைத்திருந்தவர்கள், மினி சினிமா நடத்தியவர்கள், கொப்பி பதிந்தவர்கள், ஜெனரேற்றர் திருத்தியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் போய் இருந்து கேளுங்கள், எழுதுங்கள். என் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு இந்தத் தவணை வரலாற்றுச் செயற்திட்டமாக இதைத்தான் கொடுத்திருக்கிறேன். எந்த ஊரில், எந்த எண்ணெயில், எந்தப் படம் எந்த இடத்தில் நின்றது, மறுநாள் சனம் அதை எப்படி முடித்துவைத்தது என்று ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு வர வேண்டும்.